வழியில் தண்ணீர் வைத்தவர்கள்

நுவரெலியாப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிறவர்களைத் தவிர, கண்டிக்கு வரும் மற்ற எவரும் மலை ஏறித்தான் வர வேண்டும். கொழும்பிலிருந்து வந்தால் கடுகண்ணாவ ஏற்றம். மாத்தளையிலிருந்து வந்தால் பலகடுவ. மகியங்கனையிலிருந்து வந்தால் பதினெட்டு வளைவு. விடுமுறை முடிந்து பஸ்ஸில் பாடசாலைக்குத் திரும்பிய நமக்கு அந்த ஏற்றங்கள் காது அடைப்பதோடும், சிலருக்கு வாந்தியோடும் முடிந்துபோயின. சைக்கிளில் வருகிறவருக்கு அவ்வளவு எளிதில் முடிவதில்லை. இரு பக்கமும் பொதி கட்டிய சைக்கிளை மிதித்தும் தள்ளியும் வரும் நெடுந்தூரப் பயணிகளை இன்றும் இந்தச் சாலைகளில் காணலாம். தெம்பிலி விற்கும் தட்டு, பிளேன்ரீக் கடை, நிழல் விழும் யாரோ ஒருவருடைய வாசல் ஆகியவைதான் அவர்கள் நிற்கும் இடங்கள்.

நெடுந்தூரம் சைக்கிளில் போனவர்கள் எழுதிய நூல்களை வாசித்தால் அவற்றிலும் இதே இடங்கள் வருகின்றன. ரயர் வெடித்த இடத்தில் ஓடி வந்தவர், இருட்டிய பிறகு பாய் விரித்துக் கொடுத்த குடும்பம், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த பெண். பயணியின் பெயர் நூலின் அட்டையில் இருக்கிறது. கதவைத் திறந்தவரின் பெயர் பெரும்பாலும் எங்குமே இல்லை.

கண்டிச் சாலைகளின் வரலாறும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. சாலை போட்ட ஆளுநரின் பெயர் நமக்குப் பாடமாக வந்தது. சாலையோரத்தில் குடத்தில் தண்ணீர் நிரப்பி வைத்தவரைப் பற்றி எந்தப் பாடமும் இல்லை. நமது பாடசாலையின் நூற்றாண்டு மலரில் அவர்களுக்குச் சில பக்கங்கள் ஒதுக்குவது பொருத்தம் என்று நினைக்கிறோம். இம்மலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் சென்னையிலும் வாசிக்கப்படப் போகிறது. அங்கெல்லாம் நம்மில் ஒவ்வொருவரும் ஒரு நாளாவது யாரோ ஒருவருடைய வாசலில் அந்நியராக நின்றவர்களே.

அம்பலமும் மடமும்

கண்டி இராச்சியத்தில் வண்டி ஓடும் சாலைகள் இருக்கவில்லை. பகைவரைத் தடுக்க மலையும் காடும் அரணாக இருக்கட்டும் என்று மன்னர்கள் பாதைகளை ஒற்றையடிப் பாதைகளாகவே விட்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பாதைகளில் நடந்தவர்களுக்கு அம்பலங்கள் இருந்தன. மரத்தூண்களோ கற்றூண்களோ தாங்கும் கூரை, சுற்றிலும் திறந்த பக்கங்கள், உட்காரவும் படுக்கவும் ஒரு மேடை, பக்கத்தில் கிணறு அல்லது ஓடை. அம்பலம் என்பது அவ்வளவுதான். கதவு இல்லாததால் பூட்டும் இல்லை. ஊர்க்கூட்டம் நடந்ததும் அங்கேதான், வழிப்போக்கர் சோறு சமைத்ததும் அங்கேதான்.

குருநாகல் மாவட்டத்தில் உள்ள பனாவிட்டிய அம்பலம் மரச் செதுக்கல்களுக்குப் பேர்போனது. அதே மாவட்டத்தின் கரகஹகெதர அம்பலம் நான்கு பாறைகளின் மேல் தூக்கி வைத்ததுபோல நிற்கிறது. கண்டிக்கு அருகே கொடமுன்னவிலும் எம்பெக்கவிலும் அம்பலங்கள் உண்டு. கடுகண்ணாவ அம்பலம் கொழும்பு–கண்டிச் சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது. பஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்திராதவர் நம்மில் அரிது. அம்பலத்தின் அருகிலோ வீட்டு வாசலிலோ மூடியிட்ட பானையில் தண்ணீர் வைப்பது புண்ணியம் என்று சிங்களக் கிராமங்களில் கருதப்பட்டது. வெசாக் நாட்களில் வீதியோரத்தில் போடப்படும் தன்சல்களில் இன்றும் அந்த எண்ணம் உயிரோடு இருக்கிறது. வரிசையில் நிற்பவர் யார், எந்த மதம் என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

'அம்பலம்' என்ற சொல்லைக் கேட்டவுடனேயே அது நமக்குத் தெரிந்த சொல் என்பது புரியும். தமிழில் அது பொது மன்று. மலையாளத்தில் வழிப்போக்கர் தங்குமிடத்திற்கு வழியம்பலம் என்று பெயர். கண்டியில் அம்பலம் செய்த வேலையை யாழ்ப்பாணத்தில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக்கல்லும் செய்தன. தலைச்சுமையை இறக்கி வைக்க மனிதனுக்கு ஒரு கல், முதுகு உரசிக்கொள்ள மாட்டுக்கு ஒரு கல் என்று யோசித்தவர்கள் அவர்கள். பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை போட்டுக் கட்டிய தெருமூடி மடம் இன்றும் இருக்கிறது. வெயிலில் நடந்து வருகிறவர் தெருவை விட்டு விலகாமலே நிழலுக்குள் வந்துவிடுவார்.

மொழியால் இரண்டாகப் பிரிந்து நிற்கும் இந்த நாட்டில், வழிப்போக்கருக்கு நிழல் வைக்க வேண்டும் என்ற எண்ணம் இரு பக்கத்துக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. அதற்கான சொல்லும்கூடப் பொதுவாக இருந்திருக்கிறது.

ஓர் ஊரின் கயிறும் ஓர் ஊரின் நூலும்

கண்டிக் கிராமங்கள் ஓர் அந்நியரை எப்படி நடத்தின என்பதை நீண்ட காலம் அனுபவித்து எழுதியவர் றொபர்ட் நொக்ஸ். புயலில் சேதமடைந்த ஆங்கிலக் கப்பலொன்று திருகோணமலைக்கு அருகே கொட்டியாரத்தில் தரித்திருந்தபோது, 1660 ஏப்ரலில், கப்பல் தலைவரான தந்தையும் மகன் நொக்ஸும் வேறு சிலரும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டார்கள். அவர்களை மன்னன் சிறையில் அடைக்கவில்லை. மலைநாட்டுக் கிராமங்களில் பிரித்து விட்டு, சோறு போடும் கடமையை ஊராரிடம் ஒப்படைத்தான். மகன் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கேயே வாழ்ந்தார்.

அவர் எழுதியவற்றில் ஒரே ஊரில் நடந்த இரண்டு செய்திகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஊரின் பெயர் பண்டார கொஸ்வத்த. முதலாவது, தந்தையின் மரணம். 1661 பெப்ரவரியில் காய்ச்சலால் தந்தை இறந்தார். மகனும் அதே காய்ச்சலில் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தார். கூட இருந்தவன் ஒரு சிறுவன் மட்டுமே. உதவி கேட்டு அவனை அனுப்பியபோது ஊரார் கொண்டுவந்தது மாடு கட்டும் பெரிய கயிறு ஒன்றை. அதைக் கழுத்தில் கட்டிக் காட்டுக்குள் இழுத்துப் போடலாம், வேறு உதவி வேண்டுமானால் கூலி தர வேண்டும் என்றார்கள். கூலிக்கு ஓர் ஆளைப் பிடித்துத்தான் நொக்ஸ் தந்தையை அடக்கம் செய்தார்.

இரண்டாவது, ஒரு முதியவர். நொக்ஸ் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது அவ்வழியே போன அந்த முதியவர், உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா என்று சிறுவனிடம் கேட்டார். போர்த்துக்கீசர் கொழும்பை இழந்தபோது தம் கைக்கு வந்த நூல் ஒன்று வீட்டில் இருப்பதாகச் சொன்னார். அது ஆங்கில வேதாகமம். தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து நொக்ஸ் அதை வாங்கிக்கொண்டார். தப்பிப் போகும் நாள் வரை அது அவரிடம் இருந்தது.

கயிறு கொண்டுவந்தவர்கள் கொடியவர்கள் என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் காய்ச்சலால் இறந்த அந்நியரின் உடலுக்கு அருகே போக எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் மக்கள் அஞ்சியிருக்கிறார்கள். மருத்துவம் பயின்ற நமக்கு அந்த அச்சம் புதிதல்ல. 2020இலும் 2021இலும் நம் கண் முன்னாலேயே அதைக் கண்டோம். சோறு கொடுப்பது ஒரு நிலை. நோயாளியைத் தொடுவது அதைவிடக் கடினமான இன்னொரு நிலை. வழிப்போக்கரிடம் காட்டும் அன்பு எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதை நொக்ஸின் அந்தப் பக்கம் காட்டிவிடுகிறது.

1679இல் நொக்ஸ் தோழர் ஒருவரோடு வடக்கே நடந்தார். அனுராதபுரத்தைத் தாண்டி, மல்வத்து ஓயாவின் கரையோரக் காடு வழியாக, ஒக்டோபர் மாதத்தில் மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இந்தப் பாதையை நினைவில் வைத்துக்கொள்வோம். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதே கரையில் இறங்கி, எதிர்த்திசையில், அதே காடுகளின் ஊடாகப் பல்லாயிரம் பேர் கண்டியை நோக்கி நடந்தார்கள். நம்மில் பலருடைய முன்னோர்கள் அவர்கள்.

கண்டிச் சீமைக்கு நடந்தவர்கள்

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமானது. ஆளுநர் எட்வர்ட் பார்ண்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டிச் சாலை போடப்பட்டது. அதை அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாகக் கட்டிய கோபுரம் கடுகண்ணாவவில் உயர்ந்து நிற்கிறது. 1820களில் கம்பளையிலும் பேராதனையைச் சுற்றியும் தொடங்கிய கோப்பிப் பயிர் 1840களில் மலைகளை மூடியது. அதற்குக் கைகள் தேவைப்பட்டன. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, பஞ்சத்திலும் கடனிலும் தவித்தவர்கள் 'கண்டிச் சீமை' என்று பெயர் வைத்துப் புறப்பட்டார்கள்.

தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் தோணி ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து கங்காணியின் பின்னால் நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று 150 மைல், அதாவது ஏறத்தாழ 240 கிலோமீற்றர். இன்று அந்தத் தூரத்தைச் சைக்கிளில் இரண்டு மூன்று நாட்களில் கடந்துவிடலாம். அன்று அது குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, வறண்ட காட்டில், வற்றிய குளங்களின் கலங்கிய நீரைக் குடித்துக்கொண்டு நடந்த நடை.

வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவர்களோடு நடந்தன. விழுந்தவர் வழியிலேயே விடப்பட்டார். பாதையோரத்தில் கிடந்த எலும்புகளைப் பற்றி அக்காலத்து ஆங்கிலேயர்களே எழுதியிருக்கிறார்கள். நோய் கொண்டுவருகிறவர்கள் என்ற அச்சத்தால் பாதையோரக் கிராமத்தார் ஒதுங்கினார்கள். அரசாங்கம் காலம் கடந்துதான் கொட்டகைகளையும் கிணறுகளையும் மருந்து கொடுக்கும் இடங்களையும் அமைத்தது. கோப்பிக் காசில் இந்த நாட்டின் ரயில் பாதையே போடப்பட்டது. 1867இல் கண்டிக்கும் 1880இல் மாத்தளைக்கும் ரயில் வந்தது. ஆனால் கோப்பியைப் பறித்தவர்கள் வந்த பாதையில் நிழல் போடுவதற்கு மட்டும் கை தாராளமாக நீளவில்லை. 1914இல் தலைமன்னார் ரயில் பாதை திறக்கப்பட்டபோது அந்த நடை பழங்கதையாகிவிட்டிருந்தது.

ஒரு மருத்துவச் செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். வாந்திபேதியில் மனிதரைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான். 1971இல் வங்காளதேசப் போரின்போது நடந்தே எல்லையைக் கடந்த அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. பொங்காவ் என்ற எல்லை ஊரில் நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டொக்டர் திலீப் மகலனோபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பிக் குழாய் வைத்தார். நோயாளியின் பக்கத்தில் இருந்த தாயும் சகோதரனும் அதைக் குவளையில் பிடித்துக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது.

வாய்வழி நீரேற்றம் என்று இன்று நாம் எழுதிக் கொடுப்பது இதைத்தான். சோற்றுக் கஞ்சியில் அளவாக உப்புப் போட்டாலும் அது பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யும் என்பது பின்னர் நிறுவப்பட்டது. மாத்தளைப் பாதையில் விழுந்தவர்களில் பலரைக் காப்பாற்றத் தேவைப்பட்டது கொதித்து ஆறிய நீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி அரிசி, அஞ்சாமல் ஓர் இரவு பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒருவர் ஆகியவை மட்டுமே. வழியில் தண்ணீர் வைப்பது புண்ணியம் என்று சொன்னவர்கள் இதை அறிந்து சொல்லவில்லை. ஆனாலும் அது உண்மையாக இருந்திருக்கிறது.

அப்படி உட்கார்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். இல்லாவிட்டால் இத்தனை பேர் மாத்தளையை அடைந்திருக்க முடியாது. கூட நடந்த ஊர்க்காரரோ, காட்டு ஓரத்துச் சிங்களக் கிழவியோ, குளக்கரைத் தமிழ்க் குடும்பமோ யார் என்று நமக்குத் தெரியாது. நடந்தவர்களும் எழுதவில்லை, கொடுத்தவர்களும் எழுதவில்லை. நடை முடியும் இடத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் நிற்கிறது. அம்மைக்கும் மழைக்கும் உரிய தெய்வத்தை அந்தப் பாதையின் முடிவில் ஏன் நிறுவினார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

வாடிவீடும் சைக்கிளும்

பிரித்தானியர் சாலையோரங்களில் வாடிவீடுகளைக் கட்டினார்கள். அம்பலத்தைப் போலன்றி வாடிவீட்டுக்குக் கதவும் கட்டணமும் பதிவேடும் இருந்தன. அங்கே யார் தங்கலாம் என்பதை யாரும் எழுதி ஒட்ட வேண்டியிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

சைக்கிள் இந்தப் பகுதிக்கு வந்த காலம் அது. 1897 நவம்பரில் அமெரிக்கரான ஃபனி புல்லொக் வேர்க்மனும் அவர் கணவர் டொக்டர் வில்லியம் வேர்க்மனும் இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா என்று இரண்டரை ஆண்டுகள் நீடித்த சைக்கிள் பயணத்தைத் தொடங்கினார்கள். ஃபனிக்கு அப்போது 38 வயது. மொத்தம் 14,000 மைல். தேநீர், சீனி, பிஸ்கட், தகர இறைச்சி, தலையணை, ஒரு போர்வை, மருந்துப் பெட்டி, பழுது பார்க்கும் கருவிகள், இவைதான் பொதி. ஒரே நாளில் நாற்பது முறைகூட ரயர் பஞ்சர் ஆனதுண்டு. இடம் கிடைக்காத இரவுகளில் ரயில் நிலையத் தங்குமறைகளில் படுத்தார்கள். ஃபனி பின்னாளில் இமயத்தின் சியாச்சின் பனியாற்றில் பெண்களுக்கு வாக்குரிமை கோரும் தாளைக் கையில் விரித்துப் படம் எடுத்துக்கொண்டவர். பெண்கள் பாடசாலை ஒன்றின் மலரில் அவர் பெயர் இருக்கத் தகுந்தது.

எனினும் அவர்களுடைய நூலில் கோயில்களுக்கும் சிற்பங்களுக்கும் கிடைத்த இடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பேரரசின் சாலையில் வெள்ளையராகப் பயணம் செய்தவருக்கு உதவி உரிமையாகவே வந்தது. உரிமையாக வருவதை எவரும் நன்றியோடு எழுதி வைப்பதில்லை.

அந்த உரிமை இல்லாத சைக்கிள்காரர்கள் வேறு விதமாகக் கற்றார்கள். 1923 ஒக்டோபரில் பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். அவர்களில் அடி ஹக்கீம், ஜல் பாப்பசோலா, ருஸ்தொம் பும்காரா ஆகிய மூவர் 71,000 கிலோமீற்றர் ஓட்டி 1928 மார்ச்சில் வீடு திரும்பினார்கள். பாரசீகம், சினாய்ப் பாலைவனம், அமெரிக்கா, கொரியா, இந்தோசீனா என்று அவர்கள் போன இடங்கள் பலவற்றில் இந்தியரை அதற்கு முன் கண்டிராத கிராமத்தாரின் கையில்தான் அவர்களுடைய அன்றைய இரவு இருந்தது.

அயர்லாந்தின் டேர்வ்லா மர்ஃபி பத்தாவது பிறந்தநாளுக்குப் பழைய சைக்கிள் ஒன்றும் உலகப்படம் ஒன்றும் கிடைக்க, இந்தியாவுக்குச் சைக்கிளில் போவதென்று அன்றே முடிவு செய்தவர். ஆனால் மூட்டுவாதத்தால் முடங்கிய தாயைப் பராமரிக்கப் பதினான்கு வயதில் பாடசாலையை விட்டார். தாய் இறந்த பிறகு, 1963 ஜனவரியில், தமது 31ஆம் வயதில்தான் புறப்பட முடிந்தது. பொதிக்குள் கைத்துப்பாக்கி ஒன்றும் இருந்தது. ஆப்கானிஸ்தானில் பஸ்ஸுக்குள் நடந்த கைகலப்பில் துப்பாக்கிக் கட்டை இடித்து விலா எலும்புகள் முறிந்தன. அதே ஆப்கானிய மக்களின் விருந்தோம்பலைத்தான் அவர் வாழ்நாள் முழுதும் புகழ்ந்தார். டில்லியை அடைந்த பிறகு திபெத்திய அகதிக் குழந்தைகளிடையே வேலை செய்யப் போனார். வழி முழுதும் வாங்கியதை வேறொருவருக்குத் திருப்பிக் கொடுத்தார் என்றே அதைக் கொள்ள வேண்டும்.

காசில்லாமல் நடந்தவர்களின் கதை இதைவிடத் தெளிவானது. 1962இல் சதீஷ் குமார், பிரபாகர் மேனன் என்ற இரு இளைஞர்கள் அணுவாயுதத்திற்கு எதிராக டில்லியிலிருந்து மொஸ்கோ, பாரிஸ், லண்டன், வொஷிங்டன் நோக்கி நடந்தார்கள். கையில் காசு கொண்டுபோக வேண்டாம் என்பது வினோபா பாவே கொடுத்த புத்திமதி. காசு இருந்தால் களைத்த மாலையில் விடுதியைத் தேடுவோம். காசு இல்லாவிட்டால் மனிதரைத் தேடியாக வேண்டும். ஜோர்ஜியாவில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண் அவர்களிடம் நான்கு தேயிலைப் பொட்டலங்களைக் கொடுத்தார். அணுவாயுதம் வைத்திருக்கும் நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் ஒவ்வொன்று. பொத்தானை அமுக்கத் தோன்றினால் முதலில் ஒரு தேநீர் குடியுங்கள் என்பது செய்தி. தேயிலைக் கொழுந்து பறித்த குடும்பங்களிலிருந்து வந்த நமக்கு அந்தப் பெண்ணின் கை எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். அவருடைய பெயர்தான் தெரியாது.

நம் நாட்டிலும் 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 'ட்ரெயில்' என்ற நடைபயணம் நடந்தது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைக்க நிதி திரட்டினார்கள். 2016இல் எதிர்த்திசையில், 28 நாட்களில் ஏறத்தாழ 670 கிலோமீற்றர், இம்முறை காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக. தெற்கின் காசு வடக்கின் நோயாளிக்கும் வடக்கின் நடை தெற்கின் நோயாளிக்கும் போய்ச் சேர்ந்தது.

பின்னால் பிடித்தவர்

நம் பாடசாலை நாட்களில் சைக்கிளில் வந்த மாணவிகள் மிகக் குறைவு. மலை ஒரு காரணம். பெண் பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு என்ற கேள்வி இன்னொரு காரணம். அதே காலத்தில் புதுக்கோட்டையில், நம் முன்னோர் பலர் புறப்பட்ட அதே மண்ணில், 1991இல் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகக் கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் பழகினார்கள். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று நடத்தினார். கல் உடைக்கும் பெண்களும் வயலில் வேலை செய்கிறவர்களும் பின் இருக்கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். சைக்கிளைத் தனியே பழகியவர் எவரும் இல்லை. பின்னால் ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார், விட்டதும் தெரியாமல் விட்டுவிடுவார். பழகியவருக்கு விருது உண்டு, படம் உண்டு. பிடித்துக்கொண்டு ஓடிய தோழிக்கு மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

2022இல் பெற்றோல் வரிசைகள் நாட்கணக்கில் நீண்டபோது, சைக்கிள் இந்த நாட்டின் சாலைகளுக்கு மீண்டும் வந்தது. வைத்தியசாலை ஊழியர்கள் பலர் அதில்தான் வேலைக்குப் போனார்கள். வரிசையில் நின்றவர்களுக்குப் பாதையோர வீடுகளிலிருந்து தண்ணீரும் தேநீரும் வந்தன.

பக்கத்து வீட்டுக் கதவு

இதையெல்லாம் எழுதிவிட்டு, கண்டியில் அந்நியர் என்பவர் தூரத்திலிருந்து வருகிறவர் மட்டும்தானா என்று கேட்காமல் விட முடியாது. 1983 ஜூலையில், பல தலைமுறையாக இங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் ஒரே நாளில் அந்நியர் ஆக்கப்பட்டன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தீக்கிரையாகி மீண்டும் எழுந்தது. அந்நாட்களில் சிங்கள அயலவர் ஒருவர் தம் வீட்டு அறையில் ஒளித்து வைத்ததால் பிழைத்தோம் என்ற பேச்சு கண்டித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோதும் அயலவருக்குக் கதவு திறந்த சிங்களவர்கள் இருந்தார்கள்.

கயிறு கொண்டுவந்தவர்களும் நூல் கொண்டுவந்த முதியவரும் ஒரே ஊரில் இருந்தது போலவே, தீ வைத்தவர்களும் கதவு திறந்தவர்களும் ஒரே சாலையில் இருந்தார்கள். தீ வைத்தவர்களைப் பற்றி ஆணைக்குழுக்களும் அறிக்கைகளும் நூல்களும் வந்திருக்கின்றன, வர வேண்டியவையே. கதவு திறந்தவர்களைப் பற்றி வீட்டுப் பேச்சு மட்டுமே இருக்கிறது. பேசிய தாய்மார்கள் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பத்தாண்டுகளில் அந்தப் பேச்சும் இருக்காது. நம் பிள்ளைகள் நாடு நாடாக வளர்கிறார்கள். எரிந்த வீட்டை மட்டும் கேள்விப்பட்டு, திறந்த கதவைக் கேள்விப்படாமல் வளர்ந்தால், அவர்கள் அறியும் வரலாறு பாதிதான்.

எழுதி வைக்க வேண்டியவை

ஆகவே பழைய மாணவிகள் சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, ஒரு கொப்பி. நூற்றாண்டு ஆண்டு முடிவதற்குள் ஒவ்வொரு பழைய மாணவியும் தமக்கோ தம் குடும்பத்துக்கோ கதவு திறந்த ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதி அனுப்பட்டும். ஆண்டு, ஊர், அவர் என்ன கொடுத்தார், அவ்வளவு போதும். 1983இல் ஒளித்து வைத்த அயலவராக இருக்கலாம். பனி விழும் நகரத்தில் முதல் குளிர்காலத்துக்கு மேலங்கி கொடுத்த வெள்ளைக்காரப் பாட்டியாக இருக்கலாம். பரீட்சைக்கு முதல் நாள் பஸ் இல்லாமல் நின்றபோது முச்சக்கர வண்டியில் ஏற்றிக் காசு வாங்காமல் போனவராக இருக்கலாம். பெயர் தெரிந்தால், அவரோ அவர் பிள்ளைகளோ சம்மதித்தால், பெயரும் இருக்கட்டும். தெரியாவிட்டால் முகத்தை எழுதுங்கள். அந்தக் கொப்பி பாடசாலை நூலகத்தில் இருக்கட்டும். உயர்தரத்தில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் அதைப் புரட்டட்டும்.

இரண்டாவது, பாடசாலை வாசலில், மதிலுக்கு வெளியே, சாலைப் பக்கமாக ஒரு கல் வாங்கும் ஒரு தண்ணீர்க் குழாயும். வடிகட்டிய நல்ல தண்ணீர். மேலே சிறு கூரை. ஏற்றம் ஏறி வரும் முதியவரோ, மூட்டை தூக்கி வருகிறவரோ, எந்த நாட்டிலிருந்தோ சைக்கிள் மிதித்து வருகிறவரோ கொஞ்சம் உட்கார்ந்து போகட்டும். அங்கே நன்கொடையாளர் பெயர்ப்பலகை வேண்டாம். 'குடிக்கும் தண்ணீர்' என்று மூன்று மொழியிலும் எழுதினால் போதும். குழாய் கெட்டுப்போனால் அதே வாரத்தில் திருத்துவதற்கு ஒரு வகுப்பைப் பொறுப்பாக வைக்க வேண்டும். பானை வைத்த அந்தக் கால மக்கள் ஒவ்வொரு காலையும் அதை நிரப்பினார்கள் என்பதை மறக்கக் கூடாது.